முதல் வரியில் எழுதாத துக்கம்

ஐயா, அம்மா,

என் தங்கை இறந்துவிட்டாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். வணக்கம் அதற்குப் பின்னர் வரட்டும். மனு எழுதும் முறைக்கு இது மாறானது என்பதை நான் அறிவேன். முறை மாற்றி எழுதுவதன் காரணம், இதனை இறுதிவரை வாசிக்கும் தங்களுக்கு விளங்கும். தங்களுக்கு என் பணிவான வணக்கம்.

நான் மதுரை காளவாசலுக்கு அருகில் ஒரு சந்தில் மனைவியுடன் வாடகை வீட்டில் வசிக்கிறேன். வயது எழுபத்திரண்டு. பிள்ளைகள் இல்லை. என் தாயும் தந்தையும் பிறருடைய வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மூன்றாம் வகுப்போடு என் பள்ளி முடிந்தது. பின்னர் கப்பலூர் தொழிற்பேட்டையில், பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்யும் சிறிய ஆலை ஒன்றில் காவலாளியாகச் சேர்ந்து, முதுமை வரும்வரை அங்கேயே இருந்தேன். லாரிகளில் வந்து இறங்கும் காகிதக் கட்டுகளில், அலுவலகங்கள் கழித்துவிட்ட கோப்புகளும் இருக்கும். யாரோ யாருக்கோ எழுதிய மனுக்கள் அவற்றில் ஆயிரக்கணக்கில் கிடந்தன. கூழாவதற்கு முன்னர் அவற்றை எடுத்து வாசிப்பேன். ‘கீழே கையொப்பமிட்டுள்ள நான்’, ‘தங்களின் மேலான கவனத்திற்கு’, ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ ஆகிய தொடர்களை அங்கேதான் கற்றேன். எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எழுதி எழுதிப் பழகினேன்.

வேலையிலிருந்து நின்ற பிறகு எங்கள் சந்தில் உள்ளவர்களுக்கு நான்தான் மனு எழுதுகிறேன். குடும்ப அட்டை, விதவை உதவித்தொகை, தெருக்குழாய், பட்டா மாறுதல் எதுவாயினும் என்னிடம் வருவார்கள். நான் எழுதிய மனு எதுவும் முறை தவறியதென்று திரும்பி வந்ததில்லை. வருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் தவறாமல் சொல்லி அனுப்புவேன்: வாசித்துப் பார்க்காத தாளில் கையெழுத்திடாதே.

என் தங்கை என்னைவிட நான்கு வயது இளையவள். திருமணமானதும் கணவருடன் மும்பைக்குச் சென்றவள் அங்கேயே தங்கிவிட்டாள். ஒரே மகன். அவன் படித்து, ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவளுடைய கணவர் காலமானபோது, நான் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிப் புறப்பட்டேன். வழியில் ரயில் பல மணி நேரம் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு ஆறிப் போயிருந்தது. மருமகன் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. தேநீர் கொடுத்தான். அன்றிலிருந்து தொலைபேசியில் என் குரலைக் கேட்டவுடன், “இருங்க மாமா, அம்மாட்ட குடுக்குறேன்” என்று மட்டும் சொல்வான். அவ்வளவுதான் எங்களுக்குள் மிஞ்சியிருந்த உறவு. அதையும் தங்கைதான் பிடித்துவைத்திருந்தாள்.

எங்கள் வழக்கத்தில் ஒரு பெண் இறந்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வரவேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். உடன்பிறந்தவன் அதைத் தன் கையால் அவள்மீது போர்த்திய பின்னரே உடலைத் தூக்குவார்கள். எத்தனை பெரிய வீடானாலும், எத்தனை பேர் கூடி நின்றாலும், அந்தச் சேலை வரும்வரை காத்திருப்பார்கள். கோடி வராமல் போகும் பெண்ணைக் கேட்க நாதியில்லாதவள் என்று ஊர் பேசும். எங்கள் தாய் தந்தைக்கு நாங்கள் இருவர் மட்டுமே பிள்ளைகள். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான் ஒருவன்தான்.

இதைப் பற்றி அவள் விளையாட்டாகவே பேசுவாள்.

“அண்ணே, எனக்குக் கோடி எடுக்கும்போது வெள்ளைச் சேலையத் தூக்கிட்டு வந்துராத. அம்புட்டுத் தூரம் வாரவன் நல்ல கலரா எடுத்துட்டு வா. மயில்கழுத்துக் கலரு.”

“எனக்கு முன்னாடி நீ போறதாவே முடிவு பண்ணிட்டியா?”

“நீ காவக்காரன்ல. எல்லாரும் போனப்புறம் கதவப் பூட்டிட்டுத்தான வருவ.”

அந்த அதிகாலையில் மருமகன் அழைத்தான். அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“மாமா, அம்மா போயிருச்சு,” என்றான். பிறகு அவனே தொடர்ந்தான். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு மயானத்துல நேரம் குடுத்துருக்காங்க. உங்களுக்கு மத்தியான ப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டுட்டேன். நேரா மும்பை. மூணு மணிக்கெல்லாம் வீடு வந்துரலாம். மாமா, இந்தத் தடவ வந்துருங்க.”

“வந்துருவேன்யா. கோடியோட வந்துருவேன்.”

“நீங்க வர்ற வரைக்கும் தூக்க மாட்டோம். அஞ்சு மணி தவறினாலும் பேசி நாளைக்கு மாத்திக்கிறேன். வந்துருங்க.”

இந்தச் சொற்களைத் தாங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். அவன் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தான்.

கோரிப்பாளையத்தில் எனக்கு அறிமுகமான துணிக்கடைக்காரர் ஒருவர் உண்டு. பாய் என்றுதான் அவரை அழைப்பேன். கடை திறக்கும் நேரம் ஆகவில்லை. அவருடைய வீடு கடைக்கு மேலேயே இருப்பதால், கீழே நின்று கூப்பிட்டேன். காரணம் கேட்டவுடன் இறங்கி வந்து கதவை ஏற்றினார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து, விரித்துக் காட்டாமல் மடித்தபடியே கொடுத்தார்.

“அண்ணே, கோடிக்குன்னு கடைய விட்டுப் போன துணி திரும்பி வரக்கூடாது. கலரு இதானே? நல்லாப் பாத்துக்கங்க.”

“இதுதான் பாய்.”

“அல்லா அந்தம்மாவுக்கு நல்ல எடத்தக் குடுக்கட்டும். நீங்க போங்க, நேரமாச்சு.”

சேலையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டேன். ஆட்டோ ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர், மருமகன் அனுப்பிய பயணச்சீட்டை வழியில் ஒரு கடையில் அச்செடுத்து என் சட்டைப் பையில் செருகி, விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. உரிய நேரத்திற்கு முன்னதாகவே சேர்ந்துவிட்டேன். இதையும் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் தாமதமாக வரவில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து நின்றது. எட்டுப் பேர் இருப்பார்கள். மாப்பிள்ளைக்கு மும்பையில் வேலை. பெண்ணைக் குடிவைக்க எல்லோரும் சேர்ந்து போகிறார்கள். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் காயாமல் புடவையில் ஒட்டியிருந்தது. கையெல்லாம் மருதாணி. அவளுடைய தந்தை மாப்பிள்ளையைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, ஜன்னல் சீட்டு யாருக்கு? உங்களுக்கா, பொண்ணுக்கா?”

“அதை நீங்கதான் சொல்லணும் மாமா.”

“தாலி கட்டியாச்சுல்ல. இனிமே உங்க சீட்ட நீங்க கேக்க முடியாது மாப்ள.”

எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் பையைக் காலுக்கு முன்னால் நகர்த்தி, அவள் பார்வை அதன்மீது படாதவாறு மறைத்து நின்றேன். புதுத்தாலி கட்டியவளின் எதிரில் கோடியைக் காட்டக்கூடாது. சாவுச் சொல்லைச் சொல்லவும் கூடாது. இதை எங்களில் யாரும் யாருக்கும் கற்பிப்பதில்லை. தானாகவே வாய் மூடிக்கொள்ளும்.

“ஐயாவும் பம்பாய்க்கா?” என்று பெண்ணின் தந்தை என்னிடம் கேட்டார். “என்ன, விசேஷமா?”

“சொந்தக்காரங்க வீட்டுக்கு,” என்றேன்.

என் முறை வந்தது. சீட்டு பார்க்கும் மேசையில் ஓர் இளம்பெண் அமர்ந்திருந்தாள். சீருடை அணிந்து கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தாள். என் சீட்டையும் ஆதார் அட்டையையும் பார்த்தபின், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“ஐயா, இன்னைக்கு சீட்டைவிடக் கூடுதலா டிக்கெட் போயிருக்கு. எப்பவும் ரெண்டு மூணு பேர் வராம இருப்பாங்க, சரியாப் போயிரும். இன்னைக்கு எல்லாரும் வந்துட்டாங்க. யாராவது ஒருத்தர் நாளைக்குப் போறீங்களான்னு கேட்டுட்டு இருக்கோம். நீங்க தனியாத்தானே போறீங்க? அவசரமா?”

“இன்னைக்கே போயாகணும் அம்மா.”

“என்ன விஷயமாப் போறீங்க ஐயா?”

நான் வாயைத் திறந்தேன். என் தோளுக்கு மிக அருகில் கல்யாணப் பெண்ணின் வளையல்கள் ஒலித்தன.

“கொஞ்சம் அந்தப் பக்கமா வாங்கம்மா. ஒரு வார்த்தை சொல்லணும்,” என்றேன்.

“எடத்த விட்டு வர முடியாது ஐயா. பின்னாடி கூட்டம் நிக்குது. இங்கயே சொல்லுங்க.”

“தனியாச் சொல்லணும்.”

“அப்ப எழுதிக்கூடக் குடுங்க ஐயா, பாக்குறேன். கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்க, அவங்க வரட்டும்.”

ஐயா, அம்மா, எழுதிக் கொடுக்கச் சொன்னவுடன் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வேன். வாயால் சொல்ல முடியாததை எழுத்தால் சொல்லிவிடலாம். அதுதானே என் வாழ்நாள் தொழில். நானாகவே வரிசையை விட்டு விலகினேன். சுவரோரம் இருந்த ஒரு பலகைமீது பயணச்சீட்டின் பின்புறத்தை விரித்து எழுதத் தொடங்கினேன்.

நான் எழுதியது முழுவதும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. முதலில் அனுப்புநர். அடுத்து பெறுநர். ‘மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு, கீழே கையொப்பமிட்டுள்ள நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், நான் மேற்படி விமானத்தில் முறையாகப் பதிவு செய்யப்பெற்ற பயணியாவேன்.’ இரண்டாம் பத்தியில், அவர்களுடைய நிறுவனத்தின்மீது நான் கொண்டுள்ள மதிப்பைக் குறிப்பிட்டேன். மூன்றாம் பத்தியில், நான் உரிய நேரத்திற்கு முன்னரே வந்தமையையும், இருக்கை மறுக்கப்படுமாயின் எனக்கு ஏற்படவிருக்கும் ஈடுசெய்ய இயலாத இழப்பையும் தெரிவித்தேன். நான்காம் பத்தியில்தான், ‘எனது உடன்பிறந்த சகோதரி இன்று அதிகாலை மும்பையில் இயற்கை எய்தினார்’ என்று எழுதினேன். எழுத்து கோணாமல், ஒரு சொல்லும் அடிக்காமல் எழுதினேன். அவசரத்தில் கிறுக்கிய மனுவை யாரும் மதிப்பதில்லை என்பது என் அனுபவம். நான் அழகாக எழுதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கல்யாணக் கூட்டத்தார் ஒவ்வொருவராக மேசையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து தாளை அவளிடம் நீட்டினேன். மேலே இருந்த சில வரிகளைப் பார்த்தாள்.

“கம்ப்ளெயின்ட்டா ஐயா?”

“இல்லம்மா, வேண்டுகோள். முழுசா வாசிச்சுப் பாருங்க.”

“சரி, மேனேஜர்ட்ட காட்டுறேன். அதுக்குள்ள இதுல சைன் போட்டுருங்க. மூணு எடம்.”

ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாள் அது. கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி போட்டிருந்தாள். மனுவைப் பெற்றுக்கொண்டால் ஒப்புகை தருவது அலுவலக வழக்கம். இது அந்த ஒப்புகைதான் என்று எண்ணினேன். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி என்னால் வாசிக்க முடியும். அதற்கு நேரம் பிடிக்கும். பெண்ணின் தந்தை என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நேரம் நின்று எழுதிய மனிதர் இதை வாசிக்கத் தெரியாமல் விழிக்கிறாரே என்று அவர் எண்ணிவிடக்கூடாது என்று என் மனம் கூசியது. உண்மையை மறைப்பானேன். அந்தக் கூச்சத்தினால்தான் கையெழுத்திட்டேன். தமிழில், முழுப்பெயராக, மூன்று இடங்களிலும்.

“தேங்க்ஸ் ஐயா,” என்றாள். “ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு. அங்க உக்காருங்க, கூப்புடுறேன்.”

பெரிய மனசு என்று அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, போய் அமர்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். ஒலிபெருக்கியில் என்னென்னவோ சொன்னார்கள். கூப்பிடுகிறேன் என்று ஒரு பெண்பிள்ளை சொன்ன பிறகு, எழுந்து போய் நச்சரிப்பது நாகரிகம் அல்ல என்று காத்திருந்தேன்.

பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் வழியில் பெண்ணின் தந்தை என்னைக் கண்டு, கூட்டத்தை விட்டு என்னிடம் வந்தார். அந்தப் பெண்ணும் அவருக்குப் பின்னால் நின்றாள்.

“ஐயா, நீங்க விட்டுக்குடுத்தீங்களாமே. எங்க மதினிக்கு உங்க சீட்டுதான் கெடச்சுச்சு. இல்லைன்னா அதை மட்டும் தனியா விட்டுட்டுப் போயிருக்கணும். பெரியவங்க, எங்க புள்ளய ஒரு வார்த்தை ஆசீர்வாதம் பண்ணுங்க.”

அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். என் மடியில் கோடிச் சேலை இருக்கிறது. நான் பையை இடக்கையால் முதுகுப்புறம் தள்ளிவிட்டு, வலக்கையை உயர்த்தி, “நல்லா இரும்மா” என்றேன். அவர்கள் போனார்கள். அவர் சொன்னதன் பொருள் அதற்குப் பிறகுதான் என் தலைக்குள் இறங்கியது.

மேசைக்கு ஓடினேன். அங்கே வேறொருவர் இருந்தார். சீட்டு பார்த்த பெண் விமானம் ஏறும் வாசலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். உள்ளே விடுமாறு காவலரிடம் கெஞ்சினேன். போர்டிங் சீட்டு இல்லாமல் விடமுடியாது என்றார். அவர் சொன்னது சரிதான். நானும் காவலாளியாக இருந்தவன். நானும் விட்டிருக்கமாட்டேன்.

“சாவுங்க,” என்றேன். அப்போதுதான் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. “என் தங்கச்சி செத்துப்போச்சுங்க. கோடி கொண்டுபோறேன்.”

“இதை அங்கயே சொல்லியிருக்கலாமேங்க,” என்றார் அவர், வருத்தத்துடன்.

விமானம் எழும்பும் ஓசையில் கட்டடம் முழுவதும் அதிர்ந்தது. அது அடங்கிய சிறிது நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். அவள் கையில் என் தாள் இருந்தது. வாசலில் எல்லோரையும் ஏற்றி முடித்த பிறகுதான் அதை முழுமையாக வாசித்திருக்கிறாள்.

“ஐயா, இதை ஏன் மொத வரில எழுதல?”

“எழுதியிருக்கேனேம்மா. நாலாவது பத்தியில இருக்கு.”

அவள் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள்.

“வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல ஐயா. ஒரு சொல்லு போதுமே. வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன்.”

“எம் பின்னாடி ஈரத் தாலியோட ஒரு புள்ள நின்னுச்சும்மா.”

அவள் மதுரைப் பக்கத்துப் பெண்தான். அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அந்நேரம் மருமகன் அழைத்தான். பயணச்சீட்டு அவனுடைய எண்ணில் பதிவானது. ஆகையால் செய்தியும் அவனுக்கே போயிருக்கிறது.

“மாமா, நீங்களா விரும்பி சீட்ட விட்டுக்குடுத்ததா மெசேஜ் வந்துருக்கு.”

“இல்லய்யா. அது ஒரு தாளு. நான் ஒப்புகைன்னு நெனச்சு…”

“கையெழுத்து போட்டீங்களா, இல்லையா?”

“போட்டேன்.”

“நீங்கதான் எல்லாருக்கும் மனு எழுதுறவரு. தாள வாசிக்காமப் போட்டேன்னு சொன்னா நான் நம்பணுமா?”

“நான் சொல்றதக் கொஞ்சம் கேளுய்யா. கல்யாணப் பொண்ணு ஒண்ணு பக்கத்துல நின்னுச்சு. அது முன்னாடி சாவுன்னு எப்படி…”

“யாரோ ஒருத்தர் கல்யாணம் மாமா. இது எங்கம்மா.”

அவன் தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

அந்தப் பெண் கணினியில் தேடிப் பார்த்து, சென்னை வழியாகப் போனால் இரவு பத்து மணிக்கு மேல் மும்பை சேரலாம் என்றாள். உடனே நான் மீண்டும் அழைத்தேன். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று காலையில் அவனே சொன்னதை நினைவூட்டினேன். அவன் தொலைபேசியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டான். தங்கையின் கணவருக்குப் பங்காளி முறையில் பெரியவர் அவர்.

“ஏங்க, வர முடியாம நின்னவருக்குன்னா காத்திருக்கலாம். வேணாம்னு எழுதிக்குடுத்தவருக்கு எப்படிங்க காத்திருக்கிறது? போன தடவ ரயிலு. இந்தத் தடவ கையெழுத்து. விடுங்க. நாங்க பாத்துக்கிறோம்.”

“ஐயா, அவளுக்கு என்னைய விட்டா யாரும் இல்லைங்க.”

“அது காலையில தெரியலையா?”

தொலைபேசியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். “சார், தப்பு அவர் மேல இல்ல, நான்தான் வெவரமாச் சொல்லாம சைன் வாங்கிட்டேன்” என்று அவள் தொடங்கினாள். பின்னால் வந்து நின்ற அவளுடைய மேலாளர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவள் பாதியில் நிறுத்தி, தொலைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். மறுமுனையில் யாரும் இல்லை. பிறகு எத்தனை முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை.

அப்படியும் சென்னை விமானத்தில் ஏறியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். ஏறி எங்கே போவது? ஐந்து மணிக்குத் தூக்கிவிடுவார்கள். ஆறிய நெருப்பின்முன் இரண்டாம் முறையும் போய் நிற்க எனக்குத் துணிவில்லை. துணிவு இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

வெளியே வந்து, வாகனங்கள் நிற்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் அமர்ந்தேன். வெயில் தகித்தது. தண்ணீர் குடிக்கவும் தோன்றவில்லை. ஐந்து மணி ஆகும்வரை அங்கிருந்து நகரவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து நின்றேன். எந்தத் திசை நோக்கி நிற்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் கேட்டேன்.

“தம்பி, பம்பாய் எந்தப் பக்கம் இருக்கு?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ப்ளைட்டு எந்திரிச்சு அந்தா அப்புடித் திரும்பும் ஐயா,” என்று கையைக் காட்டினார். “ஏங்கய்யா, யாரையும் விட்டுட்டீங்களா?”

ஆம் என்று தலையசைத்தேன். அவர் காட்டிய திசையில் பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு, துணியைக் கையில் பிடித்தபடி என்னோடு நின்றிருந்தார்.

வீட்டு வாசலில் என் மனைவி என் கையிலிருந்த பையைப் பார்த்தவுடன் நடந்ததைப் புரிந்துகொண்டாள். “அதை உள்ள கொண்டாராதீங்க,” என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். கோடிச் சேலையை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கவும் கூடாது. பாயும் திரும்ப வாங்கமாட்டார். உரியவளின்மேல் படாத துணியைக் கொளுத்தவும் என் கை வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே, வெளிச்சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் மாட்டினேன்.

சில நாட்களுக்குப் பின்னர், காளவாசலில் உள்ள ஒரு வழக்கறிஞர் அம்மையாரிடம் அன்று அந்தப் பெண் எனக்குக் கொடுத்திருந்த ஆங்கிலத் தாளின் நகலைக் கொண்டுசென்றேன். அவர் வாசித்துத் தமிழில் சொன்னார். அளவுக்கு மீறிச் சீட்டு விற்றுவிட்டால், விமான நிறுவனத்தார் முதலில் தாமாக விட்டுக்கொடுப்பவர்களைத்தான் கேட்க வேண்டுமாம். விருப்பமில்லாத ஒருவரை ஏற்ற மறுத்தால் ஒரு மணி நேரத்திற்குள் புறப்படும் வேறு விமானத்தில் இடம் தரவேண்டும், இல்லையேல் இழப்பீடு தரவேண்டும் என்று விதி இருக்கிறதாம். முறையாகச் சீட்டு வாங்கி நேரத்திற்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லையாம்.

“நீங்க கையெழுத்து போடாம நின்னிருந்தா, பொறுப்பு அவங்களோடது. போட்டதால, விருப்பம் உங்களோடதுன்னு ஆயிருச்சு ஐயா,” என்றார் அவர். “இருந்தாலும், வெளக்கிச் சொல்லாம வாங்கின கையெழுத்துன்னு எழுதி இழப்பீடு கேட்டுப் பாக்கலாம்.”

“இழப்பீடு வேண்டாம்மா. விருப்பத்தோட விட்டுக்குடுத்தாருன்னு இருக்குல்ல, அந்த ஒரு வரிய அடிச்சுட்டு, என் மருமகனுக்கு வேற மெசேஜ் அனுப்பச் சொல்ல முடியுமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்தார். “இழப்பீடு கேக்க வழி இருக்கு ஐயா. இதைக் கேக்க வழி இருக்கான்னு எனக்குத் தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

ஆயினும் நிறுவனத்திற்கு எழுதினேன். பதில் வந்தது. எழுதிய எனக்கு நன்றி கூறியிருந்தார்கள். என்னைப் போன்ற பயணிகளைத் தாங்கள் மதிப்பதாகத் தெரிவித்திருந்தார்கள். எனக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்தியிருந்தார்கள். நான்காம் பத்தியில்தான், நான் மனமுவந்து இருக்கையைத் துறந்தமைக்குப் பதிவு இருப்பதாகவும், அதனை மாற்ற இயலாது என்றும் எழுதியிருந்தார்கள். வாசித்தபோது, அது நான் எழுதிய கடிதம் போலவே இருந்தது.

மருமகனுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றிலும் முதல் வரி ஒன்றுதான்: ‘நான் விரும்பி நிற்கவில்லை.’ பதில் இல்லை. அவனுடைய எண்ணுக்கு அழைத்தால் இப்போது மணியும் அடிப்பதில்லை. அந்த மும்பை வீட்டில், பிறந்த வீட்டார் வேண்டாமென்று எழுதிக்கொடுத்த பெண் என்றுதான் என் தங்கையைப் பற்றிப் பேசுவார்கள். என்னைப் பற்றி என்ன பேசினாலும் நான் தாங்கிக்கொள்வேன். அவளைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது. அதைத் தடுக்க, நடந்ததை எழுதிவைப்பது தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

கப்பலூர் ஆலையில் எத்தனை மனுக்கள் கூழானதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் யாரோ கவனமாக எழுதியவைதான். எனக்குப் பிறகு என் வீட்டில் உள்ள தாள்களும் அந்த வழிதான் போகும். என் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே இதன் பிரதி ஒன்றை, இதை வாசிக்க நேரும் தங்களிடம், தாங்கள் யாராயினும், சேர்க்கிறேன். என் மருமகனோ, அவன் வழியில் வந்த எவரோ, என்றாவது கேட்டுவந்தால் காட்டலாம். கேட்டு எவரும் வராமலும் போகலாம்.

எப்படியாயினும், இந்தத் தாளைப் பழைய பேப்பர்க் கட்டில் போட்டுவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.